கோல் கம்பத்தோரக் கேமரா

அன்பு மகன் யாசீனுக்கு அஸ்ஸலாமு அலைக்கும். அத்தாவிடமிருந்து கடிதம் வந்திருக்கிறது என்றதும் மிரண்டுவிடாதே. உடம்புக்கு ஒன்றுமில்லை. சர்க்கரை ஏறவும் இல்லை, இறங்கவும் இல்லை. கடையும் கோலசிலாங்கூரில் இருந்த இடத்தில்தான் இருக்கிறது. கையில் போனை வைத்துக்கொண்டு இவர் எதற்குத் தாளைத் தேடினார் என்று நீ யோசிப்பாய். போனில் சொல்லத்தான் பார்த்தேன். நீ கூப்பிடும்போதெல்லாம் இன்றைக்குப் பேசிவிடுவோம் என்ற முடிவோடுதான் எடுக்கிறேன். எடுத்ததும் நீ மேட்ச் பார்த்தீர்களா என்று கேட்கிறாய். பார்த்தேன் என்கிறேன். அதோடு என் தைரியம் தீர்ந்துபோகிறது. அதனால் மதிய வியாபாரம் ஓய்ந்த பிறகு கல்லாவில் உட்கார்ந்து எழுதுகிறேன். நடுநடுவே ஆட்கள் பணம் கொடுக்க வருகிறார்கள். எழுத்து எங்காவது கோணிக்கொண்டு போனால் அவர்களைத் திட்டிக்கொள்.

போன வாரம் நீ போன் பண்ணி, வளைகுடாப் பக்கம் வேலை கிடைத்திருப்பதாகவும், அங்கே நடக்கும் லீக் ஆட்டங்களுக்குத்தான் என்றும், குறைந்தது இரண்டு வருஷம் இருக்க வேண்டும் என்றும் சொன்னாய். சந்தோஷம் என்றேன். அது பொய்யில்லை. அந்தப் பாலைவனத்து ஆட்டங்களை நம் கடை டிவியில் காட்ட மாட்டார்களே என்று உடனே தோன்றியதும் பொய்யில்லை. அதைக்கூட விழுங்கிக்கொண்டிருப்பேன். போனை வைப்பதற்கு முன்னால், நான் கேட்காமலேயே ஒரு வார்த்தையைச் சேர்த்துச் சொன்னாய். "அங்கயும் கேமராதான் அத்தா." அந்த வார்த்தைதான் என்னைப் பேனா எடுக்க வைத்தது. அது என்னை ஏன் அப்படிச் சுட்டது என்று சொல்வதற்குக் கொஞ்சம் பின்னாலிருந்து வர வேண்டும். பொறுமையாகப் படி. பொறுமை உனக்கு உண்டு, உன் அம்மா கொடுத்தது. என்னிடமிருந்து வந்தது மூக்கு மட்டும்தான்.

நம் கடையில் பெரிய திரை வைத்த காலத்தில் உள்ளூர் லீக்கை யாரும் சீண்டவில்லை. இங்கிலாந்து ஆட்டம் என்றால் தஞ்சோங் காராங்கிலிருந்துகூட மோட்டார் ஏறி வருவார்கள்; வாசலில் நாற்காலி போட இடம் பத்தாது. நம் மலேசிய லீக் ஆட்டம் வாரத்துக்கு ஒன்று வரும். தூரத்தில் ஒரு கேமரா, அதற்குப் பக்கத்தில் இன்னொன்று. பந்து ஒரு பக்கம் போனால் படம் இன்னொரு பக்கம் தேடும். வேலி ஓரத்தில் துணி பேனர்கள் காற்றுக்கு மடங்கிக்கிடக்கும். எந்தக் கம்பெனி என்றே படிக்க முடியாது. பார்க்க உட்கார்ந்தவனும் தே தாரிக் டீ ஆறும் முன்னே எழுந்து போய்விடுவான். அந்தக் காலத்தில்தான் நீ பட்டம் வாங்கிய கையோடு அந்த லீக்கின் ஒளிபரப்பு வேனில் வயர் சுற்றும் வேலைக்குப் போனாய். நான் குதித்தேன். படித்த பிள்ளை வயர் சுற்றுகிறான் என்று பள்ளிவாசலில் யாராவது கேட்டால் என்ன சொல்வது என்று உன் அம்மாவிடம் சத்தம் போட்டேன். அவள் வெங்காயம் உரித்துக்கொண்டே, சுற்றட்டும், அவிழ்க்கத் தெரிந்துகொள்வான் என்று முடித்துவிட்டாள். அவள் சொன்னபடியே ஆனது. கொஞ்ச காலத்தில் உன்னைக் கேமராவுக்குப் பின்னால் நிறுத்தினார்கள். கோல் கம்பத்துக்கு ஓரமாக, தரையோடு தரையாக வைக்கும் கேமரா. அதுதான் என் மகனுடையது என்று எனக்குத் தெரிந்த நாளிலிருந்து நான் காற்பந்து பார்க்க ஆரம்பித்தேன். அதுவரை எனக்குக் காற்பந்து என்றால் ரொட்டிக்கு மாவு கூடுதலாகப் பிசைய வேண்டிய நாள், அவ்வளவுதான்.

உன் அம்மா இருந்தவரை நீ போன் பண்ணுவது அவளுக்கு. கடைசியில் ஒரு நிமிஷம் போன் என் கைக்கு வரும். சாப்பிட்டாயா, வண்டி ஓடுகிறதா என்று இரண்டு கேள்வி கேட்பேன். நீ இரண்டு பதில் சொல்வாய். போன் திரும்ப அவளிடம் போய்விடும். நமக்குள் அதிகம் பேச்சு இல்லை என்பது அப்போது எனக்குத் தெரியவே இல்லை, ஏனென்றால் அவள் பேசியதெல்லாம் நாம் பேசியது போலவே இருந்தது. அவள் மௌத்தான பிறகு நீ என் நம்பருக்குக் கூப்பிட ஆரம்பித்தாய். முதல் சில தடவை நாம் இருவரும் எவ்வளவு திண்டாடினோம் என்று நினைவிருக்கிறதா? சாப்பிட்டாயா என்றேன், சாப்பிட்டேன் என்றாய். பிறகு கடையில் தட்டு கழுவும் சத்தத்தை நீ கேட்டுக்கொண்டிருந்தாய். உன் பக்கம் லோரி போகும் சத்தத்தை நான் கேட்டுக்கொண்டிருந்தேன். சரி அத்தா வைக்கிறேன் என்று நீ சொன்னபோது எனக்கு நிம்மதியாக இருந்தது. அந்த நிம்மதியை நினைத்து வீட்டுக்குப் போய் அழுதேன். அந்த இடத்தைத்தான் காற்பந்து வந்து நிரப்பியது. மேட்ச் முடிந்ததும் நீ கூப்பிடுவாய். நான் இன்றைக்குப் படம் எப்படி இருந்தது என்று சொல்வேன். அந்தக் கார்னர் வந்தபோது கை ஆடவே இல்லையே என்பேன். மழையில் லென்ஸைத் துடைக்க மறந்துவிட்டாயா என்று கேலி செய்வேன். நீ சிரிப்பாய். வாரத்துக்கு ஒரு தடவை நமக்குச் சொல்ல ஏதோ ஒன்று இருந்தது.

லீக் வளர்ந்தது. அது வளர வளர எனக்கு என்ன ஆயிற்று என்பதை யாரும் எந்தத் தொலைக்காட்சியிலும் சொல்ல மாட்டார்கள், நான் சொல்கிறேன். முன்பெல்லாம் எல்லா ஆட்டமும் ஒரே நாளில் ஒரே நேரத்தில் நடக்கும். மறுநாள் நீ வீட்டுக்கு வந்துவிடுவாய். டிவிக்காரர்கள் ஒவ்வொரு ஆட்டத்தையும் தனித்தனியாகக் காட்ட வேண்டும் என்று முடிவு செய்ததும் வெள்ளிக்கிழமைக்கு ஒன்று, சனிக்கிழமைக்கு ஒன்று, ஞாயிற்றுக்கிழமைக்கு ஒன்று என்று பிரித்துப்போட்டார்கள். ஒன்றோடொன்று மோதாமல் இருந்தால்தான் விளம்பரக்காரன் காசு போடுவான் என்று நீயே விளக்கினாய். எனக்குப் புரிந்தது. வியாபாரிக்கு அது புரியாதா? பிரித்துப்போட்டதில் உன் சனியும் ஞாயிறும் போனது, என் சனியும் ஞாயிறும் போனது. சட்டையில் கம்பெனிப் பெயர் போட இடமில்லாமல் கைக்கும் காலுக்கும் போட்டார்கள். கோட்டு போட்ட ஆட்கள் டிவியில் வந்து உட்கார்ந்து ஆட்டத்துக்கு முன்னாலும் பின்னாலும் அளந்தார்கள். கடையில் காட்டுவதற்குத் தனிச் சந்தா கட்ட வேண்டும் என்று ஆள் வந்தான், கட்டினேன். என் மகனைப் பார்க்க நான் சந்தா கட்டுகிறேன் என்று அவனிடம் சொல்ல நாக்கு துறுதுறுத்தது, ரசீதை வாங்கிக் கல்லாவில் போட்டேன்.

உள்ளூர் ஆட்டத்துக்காக நான் சேனலை மாற்றும்போது முதலில் கடையில் முணுமுணுப்பு எழும். எழுந்து அடுத்த கடைக்குப் போனவர்களும் உண்டு. போகட்டும் என்று விட்டேன். உனக்குத் தெரியும், நான் ஒரு கோப்பைத் தண்ணீர் குடிக்க வரும் கஸ்டமரைக்கூட விட்டுக்கொடுக்காதவன். அசாம் ஜாவா தோட்டத்துக் குமார், எண்ணெய் ஆலைக்குச் செம்பனைப் பழ லோரி ஓட்டுகிறானே, அவன்தான் முதலில் எனக்குத் துணையாக உட்கார்ந்தவன். பிறகு சுங்கை புரோங்கிலிருந்து மலாய்க்காரர் பாக் சமான் வந்து சேர்ந்தார். நெல்வயல் வேலையை மகன்களிடம் விட்டுவிட்டு, மாநிலக் குழுவின் சிவப்பு மஞ்சள் சட்டையைத் துவைக்காமல் போட்டுக்கொண்டு வருகிற மனிதர். ஒரு மேசை இரண்டாயிற்று. குழு ஜெயிக்க ஆரம்பித்ததும் வாசல் நிறைந்தது. யாருடைய கேமரா எது என்று நான் எல்லோருக்கும் சொல்லிக்கொடுத்தேன். தரையோடு தரையாகப் படம் வந்தால் போதும், டீத் தண்ணி கலக்குகிற பையன்வரை முதலாளியான என்னைக் காட்டி "போஸ் மகன் கேமரா" என்று கத்துவார்கள். அந்த நேரத்தில் என் முகத்தை நீ பார்த்திருக்க வேண்டும். பார்க்காமல் இருந்ததும் நல்லதுதான்.

உன் கையை எனக்கு எப்படித் தெரியும் என்று குமார் கேட்டான். அதற்கும் என்னிடம் பதில் இருந்தது. உன் அக்கா நிக்காஹ்வுக்கு நீதான் வீடியோ எடுத்தாய். மாப்பிள்ளையையும் பெண்ணையும் விட்டுவிட்டு, பந்தலுக்குப் பின்னால் பிரியாணித் தேக்ஸாவோடு வியர்த்துக்கொண்டிருந்தவரையும், மூலையில் செருப்புகளுக்குக் காவல் நின்ற கிழவரையும் எடுத்துவைத்திருந்தாய். அப்போது உன்னைத் திட்டினேன். பின்னாளில் டிவியில் பார்க்கிறேன், கோல் விழுந்ததும் எல்லாக் கேமராவும் கோல் அடித்தவன் பின்னால் ஓடுகிறது. உன் கேமரா மட்டும் கோல் விட்டவனிடம் நிற்கிறது. அந்தக் கோல்காப்பாளன் வலைக்குள் போய்ப் பந்தை எடுத்து, கையுறையில் மண்ணைத் தட்டி, யாரையும் பார்க்காமல் நிற்பதைக் காட்டுகிறது. இது என் மகன் கைதான், சத்தியம் செய்வேன் என்றேன். சத்தியமே செய்தேன், கல்லாவில் அடித்து.

குமார்தான் என்னை ஸ்டேடியத்துக்கு அழைத்தான். "எத்தன நாளைக்குண்ணே டிவியிலயே பாப்பீங்க? ஒரு தடவ நேர்ல வாங்க லா." கடையைச் சாத்திவிட்டு ஆட்டம் பார்க்கப் போவது என் ஆயுளில் நடக்காத காரியம். போனேன். உன்னிடம் சொல்லவில்லை, உன்னைத் திடுக்கிட வைக்க வேண்டும் என்று ஒரு ஆசை, இந்த வயதில். குமார் காரில் நானும் பாக் சமானும். உனக்காகக் கோழிப் பொரியல் கட்டிக்கொண்டு போனேன். வாசலிலேயே சட்டை, தொப்பி, துண்டு என்று விற்கிறார்கள். வாழைப்பழப் பொரியல் விற்கிறவன்கூட சிவப்பு மஞ்சள் கட்டியிருந்தான். நான் பார்த்த லீக்கா இது என்று ஆச்சரியமாக இருந்தது. உள்ளே போய் உட்கார்ந்ததும் நான் புல்லைப் பார்க்கவில்லை, ஆட்களைப் பார்க்கவில்லை. கோல் கம்பத்து ஓரத்தைப் பார்த்தேன்.

அங்கே கேமராவுக்குப் பின்னால் குந்தியிருந்தது ஒரு பெண். தலையில் முக்காடு, அதன்மேல் காதுக்கருவி, முழங்கால் தரையில். சரி, இந்தப் பக்கம் இல்லை, மறுபக்கக் கம்பத்தில் இருப்பான் என்று பார்த்தேன். அங்கே தாடி வைத்த ஒருவன் நின்றான், நீ இல்லை. உனக்கு இன்று விடுமுறையோ என்று நினைத்தேன். உடம்பு சரியில்லையோ என்றும் நினைத்தேன். ஆட்டம் தொடங்கிக் கொஞ்ச நேரத்தில் நம் குழு கோல் அடித்தது. கூட்டமே எழுந்து கத்துகிறது. அந்தப் பெண் கேமராவை அசைக்கவில்லை. கோல் விட்டவன் வலைக்குள் குனிந்து பந்தை எடுப்பதை, அவன் கையுறையைத் தட்டுவதை, யாரையும் பார்க்காமல் நிற்பதைப் பிடித்துக்கொண்டே இருந்தாள். நான் கல்லாவில் அடித்துச் சத்தியம் செய்த கை அவளுடையது. குமார் என்னைப் பார்த்தான். அவன் நல்லவன், மைதானத்தின் மற்ற மூலைகளில் உன்னைத் தேட ஆரம்பித்தான். பாக் சமான் கோலுக்காக என் முதுகில் தட்டிக்கொண்டிருந்தார்.

உன்னைக் கண்டுபிடித்தது நான் இல்லை, குமார். ரொம்ப நேரம் தேடிவிட்டு என் தோளைத் தொட்டான். "அண்ணே, கீழ பாருங்க. அந்தக் கூடாரத்துக்குள்ள." எங்கள் படிக்கட்டுக்கு நேர் கீழே, மைதானத்து ஓரத்தில் ஒரு சின்னக் கூடாரம். அதற்குள் ஒரு மடக்கு மேசை, இரண்டு கணினித் திரைகள், எனக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்திருக்கும் நீ. முதுகைப் பார்த்தே தெரிந்தது. அங்கே எனக்குச் சத்தியம் தேவைப்படவில்லை. நீ திரையைப் பார்ப்பாய், பிறகு பந்தைப் பார்ப்பாய், பிறகு எதையோ தட்டுவாய். நீ தட்டியதும் மைதானத்தைச் சுற்றியிருந்த மின்பலகைகள் மாறின. சமையல் எண்ணெய் போய் டயர் வந்தது, டயர் போய் மீ கோரெங் நூடுல்ஸ் பொட்டலம் வந்தது. அடுத்த கோல் விழுந்தபோது ஒரு நொடியில் எல்லா விளம்பரமும் அணைந்து, மைதானத்தைச் சுற்றி மஞ்சள் எழுத்தில் கோல், கோல், கோல் என்று ஓடியது. கூட்டம் எழுந்தது. நீ எழவில்லை. அந்த எழுத்து எத்தனையோ தடவை நம் கடைத் திரையில் ஓடி நான் பார்த்திருக்கிறேன், யாரோ எழுதுகிறான் என்றுகூட நினைத்ததில்லை.

நான் கூப்பிடவில்லை, யாசீன். கூப்பிடும் தூரத்தில்தான் இருந்தாய். குமார் கூப்பிடட்டுமா என்று கேட்டான், வேண்டாம் என்றேன். அவன் வேலையில் இருக்கிறான், கவனம் சிதறும் என்று காரணம் சொன்னேன். அது காரணம் இல்லை. எனக்கு வெட்கமாகவும் இருந்தது, கோபமாகவும் இருந்தது. அதைவிட, நீ திரும்பி என்னைப் பார்த்தால் உன் முகத்தில் சந்தோஷம் வருமா பயம் வருமா என்று எனக்குத் தெரியவில்லை. பெற்ற பிள்ளையின் முகத்தில் என்ன வரும் என்று தெரியாத நிலைக்கு வந்துவிட்டேனே என்று உட்கார்ந்திருந்தேன். இவ்வளவு நேரம் உன்னைத் தொடர்ச்சியாக நான் பார்த்து எத்தனையோ வருஷம் ஆகிறது. உன் பின்தலையில் முடி கொட்ட ஆரம்பித்திருக்கிறது. இடது தோளை அடிக்கடி அழுத்திக்கொள்கிறாய். இடைவேளையில் யாரோ பொட்டலம் கொண்டுவந்து வைத்தார்கள், ஆட்டம் முடியும்வரை நீ அதைப் பிரிக்கவில்லை. என் மடியிலிருந்த கோழிப் பொரியல் திரும்பும் வழியில் பாக் சமானுக்குப் போனது. அவர் விஷயம் தெரியாமல் ருசியைப் பாராட்டிக்கொண்டே வந்தார். குமார் ரொம்ப தூரம் ஓட்டிய பிறகு ஒன்று மட்டும் சொன்னான். "கடையில நான் சொல்ல மாட்டேண்ணே." அதற்காக அவனுக்கு நான் கடமைப்பட்டிருக்கிறேன்.

அதற்கடுத்த வாரம் கடையில் வழக்கம்போல ஆட்டம் போட்டேன். இந்த முறை பந்தைப் பார்க்கவில்லை, கேமராவையும் பார்க்கவில்லை. ஆட்களுக்குப் பின்னால் ஓடுகிற பலகையையே பார்த்துக்கொண்டிருந்தேன். சிமெண்டு வந்தது, உன் விரல் என்று நினைத்துக்கொண்டேன். பால்மாவு வந்தது, அதுவும் உன் விரல். கோல் விழுந்ததைக்கூடக் கவனிக்கவில்லை. எல்லோரும் குதிக்க, நான் பலகையில் ஓடிய மஞ்சள் எழுத்தைப் பார்த்துத் தலையாட்டிக்கொண்டிருந்தேன். தரையோடு ஒரு படம் வந்தது. பையன் போஸ் மகன் கேமரா என்று கத்தினான். ஆமாம் என்றேன். வேறு என்ன சொல்வேன்? ஆட்டம் முடிந்ததும் நீ கூப்பிட்டாய். வாய் பழக்கத்தில், இன்றைக்கு உன் கை நன்றாக நின்றது என்று சொல்லிவிட்டேன். நீ கொஞ்சம் தாமதித்தாய். பிறகு "ம், அத்தா" என்றாய். அந்தத் தாமதத்தில் எனக்கு எல்லாம் விளங்கிவிட்டது. எவ்வளவு காலமாக அந்தத் தாமதம் இருந்திருக்கிறதோ, நான்தான் போனுக்கு வெளியே கடைச் சத்தத்தில் கேட்காமல் இருந்திருக்கிறேன்.

ஏன் சொல்லவில்லை என்று உன்னைக் கேட்கப்போவதில்லை. நானே யோசித்துப் பார்த்தேன். தோள் வலிதான் உன்னைக் கேமராவிலிருந்து நகர்த்தியிருக்கும், அல்லது மாதச் சம்பளம் நகர்த்தியிருக்கும், இரண்டும் நியாயமானவை. முதலில் அடுத்த வாரம் சொல்லலாம் என்று இருந்திருப்பாய். அதற்குள் நான் கோல்காப்பாளனைப் பற்றியும் கை ஆடாததைப் பற்றியும் அளந்துகொட்டியிருப்பேன். இவ்வளவு பெருமைப்படுகிற மனிதனிடம் அது நான் இல்லை என்று எப்படிச் சொல்வாய்? சொல்லிவிட்டால் அடுத்த வாரம் போனில் என்ன பேசுவோம் என்றும் நினைத்திருப்பாய். அதைத்தான் நானும் நினைத்தேன், ஸ்டேடியத்திலிருந்து திரும்பி வந்ததிலிருந்து வாயை மூடிக்கொண்டிருக்கிறேன். அங்கேயும் கேமராதான் என்று நீ ஒரு பக்கம் அந்தப் பொய்யைக் காப்பாற்றினாய், நான் மறுபக்கம் காப்பாற்றினேன். இரண்டு பேரும் சேர்ந்து யாரோ ஒரு பெண்ணின் கையைப் பாராட்டிக்கொண்டிருந்தோம். அல்லாஹ் அவளுக்கு நல்ல வாழ்க்கை தரட்டும். உனக்குச் சேர வேண்டிய அன்பையெல்லாம் அவளுக்குக் கொடுத்திருக்கிறேன், அவளுக்கே தெரியாது.

விளம்பரப் பலகை என்பதால் நான் குறைவாக நினைப்பேன் என்று எண்ணியிருந்தால் உன்னைக் கூப்பிட்டு வைத்துத் திட்ட வேண்டும். நான் யார்? ரோட்டில் போகிறவனை உள்ளே வரவழைத்துச் சோறு விற்கிறவன். வாசல் பலகையில் ஒரு பல்பு போனால் அன்றைக்குச் சாயங்காலமே ஏணி போட்டு ஏறுகிறவன். அந்த லீக் நிமிர்ந்து நிற்கிறது என்றால் கோட்டு போட்டுப் பேசுகிறவர்களால் மட்டுமில்லை, சமையல் எண்ணெயும் டயரும் கொடுத்த காசால், அந்தக் காசுக்குக் கணக்காகப் பலகையை ஓட்டுகிற உன்னைப் போன்றவர்களால். பந்து எந்தப் பக்கம் போகிறது என்று முன்னாலேயே தெரிந்து தட்டுகிறாய் என்பதை என் கண்ணால் பார்த்தேன். பெருமைப்பட எனக்கு அதுவே போதும். கேமரா இல்லாமல் போனதில் எனக்கு ஒரு குறையும் இல்லை. நீ இருக்கும் இடம் எனக்குத் தெரியாமல் போனதில்தான் குறை.

புறப்படுகிறவனுக்குத் தகப்பன் புத்தி சொல்ல வேண்டும், அது முறை. அங்கே வெயிலில் தொழுகைக்குப் போகும்போது தொப்பியோடு போ. இடைவேளையில் வருகிற பொட்டலத்தை இடைவேளையிலேயே பிரித்துச் சாப்பிடு. தோளுக்கு வைத்தியம் பார். கல்யாணம் என்று வரும்போது, வருகிறவளிடம் முதல் நாளே நீ என்ன வேலை செய்கிறாய் என்பதைச் சரியாகச் சொல். மனம் நோகும் என்று ஒரு பொய் சொன்னால் அதற்குப் பிறகு இரண்டு பேரும் அந்தப் பொய்யோடுதான் பேசிக்கொண்டிருக்க வேண்டும். ஒருவரோடு ஒருவர் பேச முடியாது. இதைப் படித்துச் சொல்லவில்லை, நீயும் நானும் செய்து பார்த்ததைச் சொல்கிறேன். இனிமேல் போன் பண்ணும்போது மேட்ச் பார்த்தீர்களா என்று கேட்காதே. பேச ஒன்றும் இல்லாவிட்டால் ஒன்றும் பேசாமல் இரு. நான் தட்டு கழுவும் சத்தத்தைக் கேட்க வைக்கிறேன், நீ அங்கே என்ன சத்தம் உண்டோ அதைக் கேட்க வை. அப்படிச் சும்மா இருப்பதற்கு நான் முன்பு பயந்தேன். அந்தத் தாமதத்தைக் கேட்ட பிறகு, அதுவே மேல் என்று தோன்றுகிறது.

சாயங்கால வியாபாரத்துக்கு ஆட்கள் வர ஆரம்பித்துவிட்டார்கள், முடித்துவிடுகிறேன். கடையில் எல்லோரிடமும் உண்மையைச் சொல்லிவிட்டேன், குமார் காத்த ரகசியத்தை நானே உடைத்தேன். பாக் சமான் திரையைக் கைகாட்டி, அப்படியானால் ஒவ்வொரு கோலையும் முதலில் எழுதுகிறவன் உன் மகனா என்று மலாயில் கேட்டார். ஆமாம் என்றேன். அவர் எழுந்து வந்து என் கையைப் பிடித்துக் குலுக்கினார். எனக்குச் சந்தோஷமாகத்தான் இருந்தது. ஆனால் வீட்டுக்குப் போனபோது பழையபடி நான் ஒருவன்தான்.

நீ புறப்படுவதற்கு முன்னால் உனக்கு இருக்கிற கடைசி ஆட்டம் அடுத்த ஞாயிற்றுக்கிழமை என்று சொன்னாய். கடையைச் சாத்துகிறேன். குமாருக்கு அன்று லோடு இருக்கிறதாம், பாக் சமானுக்கும் முடியாதாம். பரவாயில்லை, நான் தனியாகப் பஸ் பிடித்து வருகிறேன். உன் கூடாரத்துக்கு மேலே உள்ள படிக்கட்டில் உட்கார்ந்திருப்பேன். நான் வந்திருக்கிறேன் என்று தெரிந்தும் ஆட்டம் நடக்கும்போது நீ திரும்பிப் பார்க்க வேண்டியதில்லை. கோல் விழுந்தால் எழுத வேண்டியவன் நீ. ஆட்டம் முடியட்டும், கூட்டம் கலையட்டும், பலகைகளை ஒவ்வொன்றாக அணை. அதற்குப் பிறகு உன் பெயரைச் சொல்லிக் கூப்பிடுவேன். அத்தனை பெரிய இடத்தில் என் குரல் எழும்புமா என்று தெரியவில்லை, மகனே. காதில் விழாவிட்டாலும் ஒரு தடவை திரும்பிப் பார்.

உன் அத்தா